அகராதியை மூடிவிட்டு ஒரு கிரிமி

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மன் மொழியில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்வை முடித்த பலர், ஆசையோடு ஒரு கதைப்புத்தகத்தை எடுக்கிறார்கள். மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிடுகிறார்கள். மொழி வரவில்லை என்று நினைத்து வருந்துகிறார்கள். பெரும்பாலும் பிழை புத்தகத் தேர்வில் இருக்கும், இல்லையென்றால் படிக்கும் முறையில் இருக்கும்.

சிறுவர் கதைதானே என்று கிரிம் சகோதரர்களின் தொகுப்பை எடுப்பவர்கள் உண்டு. அதன் முதல் பாகம் 1812-ல் வந்தது. அந்த நடையும் சொற்களும் இன்றைய பெர்லின் தெருவில் கைகொடுக்காது. இன்றைய வீடு, அலுவலகம், பேருந்து, சண்டை, சமாதானம் எல்லாம் வருகிற கதை வேண்டும். பக்கத்துக்குப் பாதி உரையாடலாக இருக்க வேண்டும். ஜெர்மானியர்கள் 'கிரிமி' என்று அழைக்கும் துப்பறியும் நாவல் இதற்கு மிகப் பொருத்தம். 'ஹெஃப்ட்ரோமான்' என்கிற மெல்லிய தொடர்கதை இதழ்களும் நல்லவை. ஏறக்குறைய 64 பக்கம். காதல், மருத்துவமனை, குடும்பம் என்று பழகிய களம். வட்டாரக் கிரிமியில் மட்டும் கவனம் தேவை. பவேரியப் பேச்சுவழக்கு பக்கம் பக்கமாக வந்தால் தொடக்கத்தில் திணறிப்போவீர்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து 100 சொற்களை எண்ணுங்கள். தெரியாதவை இரண்டு என்றால் துணையில்லாமல் படிக்கலாம். மொழிக்கல்வி ஆய்வாளர் பால் நேஷன் போன்றோர் சொல்லும் 98 சதவீதக் கணக்கு இதுதான். ஐந்து என்றால் மெதுவாக நகரும். அதற்கு மேல் போனால் ஆறு மாதம் கழித்து எடுக்கலாம்.

முதல் 30 பக்கங்கள்தான் மலையேற்றம். வகுப்பில் இறந்தகாலத்துக்கு நாம் பழகியது பேச்சில் வரும் 'பெர்ஃபெக்ட்'. கதை நடப்பதோ எழுத்தில் வரும் இறந்தகாலமான 'பிரெட்டெரிட்டும்' வடிவில். 'கிரிஃப்' என்று அகராதியில் தேடினால் 'கைப்பிடி' என்று வரும். கதையில் அது 'கிரைஃபன்', அதாவது 'பற்றுதல்' என்ற வினையின் இறந்தகாலம். அதேபோல 'ட்ஸோக்' என்பது 'ட்ஸீயன்', அதாவது 'இழுத்தல்'; 'ஷ்வீக்' என்பது 'ஷ்வைகன்', அதாவது 'பேசாதிருத்தல்'. இப்படி உருமாறும் வினைகளில் அடிக்கடி வருகிற நாற்பதை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தலையசைத்தான், பெருமூச்சுவிட்டாள், முணுமுணுத்தான் என்கிற 'நிக்ட்ட', 'ஸொய்ஃப்ட்ஸ்ட்ட', 'முர்மெல்ட்ட'. பொழுதுபோக்குக் கதை இவற்றை விடாமல் திருப்பித் திருப்பிச் சொல்லும். இலக்கிய விமர்சகருக்கு அது குறை, மொழி கற்பவருக்கு அது வரம்.

அடுத்த இடறல், பிரியும் வினை. 'ஸீ ஹ்யோர்ட்ட மிட்டன் இம் ஸாட்ஸ் அவுஃப்' என்ற வாக்கியத்தில் 'ஹ்யோர்ட்ட' கண்டதும் 'கேட்டாள்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். கடைசியில் நிற்கும் 'அவுஃப்' பொருளையே மாற்றிவிடுகிறது: பாதி வாக்கியத்தில் 'நிறுத்திவிட்டாள்'. முற்றுப்புள்ளி வரும்வரை பொருள் தேடக்கூடாது என்பது இதனால்தான்.

இந்தப் பொறுமை தமிழருக்குப் புதிதல்ல. வினை கடைசியில் வரும்வரை காத்திருப்பது நம் மொழியின் இயல்பு. ஜெர்மன் துணைவாக்கியமும் அப்படியே முடிகிறது. 'ஹவுஸ்ட்யூர்ஷ்லூஸல்' என்ற நீண்ட சொல்லைப் பிரித்தால் வீடு, கதவு, சாவி. 'வீட்டுக் கதவுச் சாவி' என்று நாம் அடுக்கும் அதே வரிசை. 'ஏர் ஸை கிராங்க்' என்று சாட்சி சொன்னதாகக் காவல் அதிகாரி எழுதினால், அது 'அவனுக்கு உடம்பு சரியில்லையாம்'. நமது 'ஆம்' விகுதி செய்யும் வேலையை அங்கே 'ஸை' என்ற வினைவடிவம் செய்கிறது. 'டோஹ்', 'யா', 'மால்' போன்ற துணுக்குச் சொற்களும் அப்படித்தான். 'கொம் மால் ஹேர்' என்றால் 'கொஞ்சம் இங்கே வா'. 'டூ வைஸ்ட் டோஹ்' என்றால் 'உனக்குத் தெரியும்தானே'. இலக்கணப் புத்தகத்தில் அரைப்பக்கம் படித்தும் பிடிபடாத இச்சொற்கள், இருநூறு உரையாடல்களைக் கடந்தால் காதில் குடியேறிவிடும்.

தினமும் 20 நிமிடம் போதும். ஞாயிறன்று மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்வது பயன்தராது. தெரியாத சொல்லின் கீழ் பென்சில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். அத்தியாயம் முடிந்ததும், மூன்று முறை வந்த சொல்லை மட்டும் அகராதியில் பாருங்கள். குறிப்பேட்டில் தனிச்சொல்லாக எழுதாமல், அது வந்த தொடரையே எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. நிறையப் படித்தவர்கள் பேசும்போது 'நான் போனேன்' என்பதை 'இஹ் கிங்' என்று கதைநடையில் பேசத் தொடங்கிவிடுவார்கள். தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அது ஏடு வாசிப்பதுபோல ஒலிக்கும். எனவே, அன்று படித்த பகுதியை ஐந்து வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் 'பெர்ஃபெக்ட்' ஆக மாற்றி. 'கிங்' என்றிருந்தால் 'இஸ்ட் ககாங்கன்'. 'வார்' (இருந்தான்), 'ஹாட்ட' (வைத்திருந்தான்) இரண்டையும், 'கொன்ட்ட' (முடிந்தது), 'முஸ்ட்ட' (வேண்டியிருந்தது) போன்ற துணைவினைகளையும் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். பேச்சிலும் அவை அப்படித்தான் வழங்குகின்றன. நன்றி, வணக்கம்.