மரத்தடியில் துடைப்பத்துக்கு என்ன வேலை?

அனைவருக்கும் வணக்கம். பூங்காப் பராமரிப்பு என்றதும் எந்தச் செடி நடலாம், சுற்றுச்சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்குள் நான் போகப் போவதில்லை. சின்னப் பூங்காக்களில் இருக்கிற மரத்தையும் புல்லையும் நாமே ஆர்வக்கோளாறில் வதைக்கிறோம். அதை நிறுத்துவது எப்படி என்பதுதான் என் பேச்சு.

அடுத்த முறை பூங்காவுக்குப் போனால், புல்தரையில் நிற்கும் ஒரு மரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் அடியைப் பாருங்கள். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பட்டை உரிந்து, உள்மரம் வெளுப்பாகத் தெரியலாம். நைலான் கயிறு சுழலும் புல்வெட்டியின் வேலை அது. மரத்தை ஒட்டி நிற்கும் புல்லையும் விடக்கூடாது என்று கிட்டே கொண்டுபோகும்போது கயிறு பட்டையில் அடிக்கிறது. இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கும் வழி அந்தப் பட்டையின் உட்பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் அறுந்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். மரம் உடனே சாகாது. சேமிப்பை வைத்துக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, அப்புறம் காய ஆரம்பிக்கும். அதற்குள் அடிபட்டதே எல்லோருக்கும் மறந்து போயிருக்கும். பூச்சி விழுந்துவிட்டது என்று மருந்து தேடிக் கிளம்புவோம்.

இதற்கு வழி சுலபம். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்லே வேண்டாம். சருகையோ மரச்சில்லையோ 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். ஈரம் நிற்கும், களை குறையும், புல்வெட்டிக்கு அங்கே வேலை இருக்காது. ஆனால் அதைக் கூம்பாகக் குவித்து மரத்தின் மேல் சாய்த்து வைக்காதீர்கள். பட்டை எந்நேரமும் ஈரமாக இருந்தால் அழுகும். நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

சருகு என்றதும் துடைப்பம் ஞாபகத்துக்கு வருகிறது. பாதையில் விழுந்ததைக் கூட்டுங்கள், மழையில் வழுக்கும். மரத்தடியில் விழுந்தது மரத்துக்கே சொந்தம். அங்கேயே மக்கினால் மண்ணிலிருந்து எடுத்த சத்து மண்ணுக்கே திரும்பும். அதையும் தினம் கூட்டி, மூலையில் குவித்துக் கொளுத்தி, புகையை அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைத்துவிட்டு, பிறகு காசு கொடுத்து உரம் வாங்குகிறோம். இதைச் சுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டிக் கூட்டி மொட்டையான தரையில் மழைத்துளி நேராக அறைகிறது. மேல்மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது. நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். காற்றும் நீரும் அங்கேதான் தங்கும். மரத்துக்கு நீர் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேலேயே, முதல் அரை மீட்டருக்குள் கிடக்கின்றன. மழை பெய்து ஈரமாக இருக்கும்போது வண்டியை உள்ளே விட்டால் அந்த வெற்றிடமெல்லாம் நசுங்கிவிடும். ஈரமண்ணில் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். கை அழுத்தத்தில் இறங்கவில்லை என்றால் மண் இறுகிவிட்டது.

புல்லைப் பொறுத்தவரை, ஒரு தடவையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஒட்ட வெட்டினால் வேர் மேலோட்டமாகிவிடும், களையும் புகுந்துவிடும். வெட்டிய துண்டுகள் சின்னதாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும். தண்ணீரைத் தினம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைவதுபோல் காலையில் விடுவது நல்லது.

குறுக்கே நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதையைப் பற்றி எல்லாப் பூங்காப் பராமரிப்புக் குழுவிலும் சண்டை வரும். வேலி போட்டால் வேலியைத் தாண்டுவார்கள். பேசாமல் அங்கேயே கல் பதித்துவிடுங்கள். நடக்கிறவர்களுக்கு வழி தெரியும். நாம் வரைபடத்தில்தான் தப்பு செய்திருப்போம்.

கிளை வெட்டுவதானால், அது அடிமரத்தோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் மடிப்புக்கு வெளியே வெட்டுங்கள். காயம் மூடுவது அந்த மடிப்பிலிருந்துதான். உச்சியை மொட்டையடிக்கவே வேண்டாம். தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

கடைசியாக, குழுவில் இருப்பவர்களுக்கு ஒன்று. ‘வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், தினம் கூட்ட வேண்டும்’ என்று வேலைச் சீட்டில் நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை செய்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை. வெயிலில் புல் வளராத வாரத்திலும் அவர் வெட்டத்தான் செய்வார். வெட்டாவிட்டால் சம்பளத்தில் கை வைப்போம். நாள்கணக்கை அடித்துவிட்டு, எந்த உயரம் வந்தால் வெட்ட வேண்டும், எந்த மரத்தடியைத் தொடக் கூடாது என்று எழுதுங்கள். எழுதும்போது அவரையும் கூட உட்கார வையுங்கள். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.