நேரம் பார்ப்பது துணையே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'நல்ல நேரம் பார்ப்பது வாழ்க்கைக்குத் துணையே' என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தம்பி கேட்டாரே ஒரு கேள்வி, "ராகு காலம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பஸ் நிற்குமா?" நல்ல கைதட்டல். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

தம்பி, எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். எனக்குக் கோயம்புத்தூரில் முதல் வேலை. வெள்ளிக்கிழமை, பதினோரு மணி பஸ். வெள்ளியன்று ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. போச்சா? அப்பத்தா அசரவில்லை. ஒன்பதரைக்கு நல்ல நேரம். என் பையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டார். அதற்குப் பெயர் பரஸ்தானம். பை புறப்பட்டால் ஆளும் புறப்பட்ட கணக்கு!

அதோடு விட்டாரா? எதிர்வீட்டு அத்தையைப் பைக்குக் காவல் வைத்தார். நான் நடுவில் சீப்பை எடுக்கப் போனால், "புறப்பட்ட பையைத் தொடாதேடா" என்கிறார் அத்தை! தலை சீவாமல் நின்றேன். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அதாவது அந்தத் திசையில் பயணம் ஆகாது என்பார்கள்; அதற்குப் பரிகாரம் வெல்லம். ஒரு கட்டியை வாயில் போட்டார் அப்பத்தா. பத்தே முக்காலுக்குத் திண்ணையில் பையை எடுத்தேன், பதினோரு மணி பஸ்ஸில் உட்கார்ந்தேன். தம்பி, பஸ்ஸும் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை!

பஞ்சாங்கம் முடக்குகிறதாம். பகலை எட்டுப் பங்காக்கி ஒன்றை ராகுவுக்கு ஒதுக்கிய அதே ஊரில்தான், செவ்வாய் மூன்றிலிருந்து நாலரைக்குள் துர்க்கைக்கு எலுமிச்சை மூடியில் விளக்குப் போடுகிறார்கள். ராகு காலத்துக்கே ஒரு வேலை! பஞ்சாங்கத்தில் குளிகை என்று இன்னொரு நேரம் உண்டு; அதில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் துக்க காரியத்தை அப்போது தவிர்ப்பார்கள், நகை வாங்குவார்கள், கடனை அடைப்பார்கள். கடனை அடை என்று விரட்டுகிற பஞ்சாங்கமா சோம்பேறி ஆக்கும்?

அறிவியல் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். அப்பத்தா இன்று இல்லை. அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். இன்று செவ்வாய்க்கிழமை. இந்த மேடைக்கு நான் கிளம்பும் முன் போன் வருகிறது. கண் சரியாகத் தெரியாது, தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருக்கிறார். "நாலரைக்கு மேல கிளம்புப்பா."

கிளம்பினேன். அந்தத் தாளைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நடுவர் அவர்களே, உங்களுக்கு வருமா?