ஸ்கோர் 19 என்றால் 19 சதவீதமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 47, மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. 1.8 சென்டிமீட்டர், அக்குள் நெறியில் (நிணநீர்க் கணுவில்) பரவவில்லை, ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லை). கட்டியின் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்க்கும் ஆன்கோடைப் டிஎக்ஸ் டெஸ்டில் ஸ்கோர் 19. "அப்போ நோய் திரும்பி வர 19 சதவீதம் வாய்ப்பா? என் மகளுக்கும் வருமா?" என்கிறார்.

முதலில் மகள் விஷயம், ஏனென்றால் அந்தப் பயம்தான் பெரியது. இது, மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வருமா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணு டெஸ்ட் இல்லை அம்மா. பரம்பரையாக வரும் மாற்றத்தைப் பெரும்பாலும் ரத்தத்தில் பார்ப்பார்கள். இது எடுத்த கட்டியில் செய்தது, மகளைப் பற்றி இது எதுவும் சொல்லாது. பிஆர்சிஏ பார்க்க வேண்டுமா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

சரி, இந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது? மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. கட்டியை மெழுகுக் கட்டையில் பதித்து வைத்திருப்பார்கள் இல்லையா, அதிலிருந்து மெல்லிசாகச் சீவி, ஆர்என்ஏவை (மரபணு இயங்கும்போது உருவாகும் நகலை) பிரித்து, 21 மரபணுக்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு மும்முரமாக இயங்குகிறது என்று அளக்கிறார்கள். அதில் 16தான் புற்றுநோய் சம்பந்தப்பட்டவை. கேஐ-67 போன்ற சில, செல் வேகமாகப் பெருகுவதைக் காட்டும், அவை ஓங்கினால் ஸ்கோர் ஏறும். ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் கூட்டம் ஓங்கினால் இறங்கும். மீதி 5 ஒப்பீட்டுக்கு. ஒருவருடைய துண்டில் ஆர்என்ஏ குறைவாகவும் இன்னொருவருடையதில் அதிகமாகவும் இருக்கும், அந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டாமல் இரண்டு பேரை ஒப்பிடவே முடியாது, அதற்குத்தான் அந்த ஐந்தும்.

இதையெல்லாம் கணக்குப் போட்டு 0 முதல் 100 வரை ஒரு எண் தருகிறார்கள். அது சதவீதம் இல்லை. தயவுசெய்து அப்படிப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். 2018இல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வில், உங்களைப் போல நெறியில் பரவாமல், ஸ்கோர் 11 முதல் 25 வரை இருந்த 6,700க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும், மறுபாதிக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். 9 வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 100இல் ஏறக்குறைய 95 பேருக்கு நோய் வேறு உறுப்புக்குப் பரவவில்லை. எத்தனையோ பெண்களைத் தேவையில்லாத கீமோவிலிருந்து காப்பாற்றிய முடிவு இது, எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் உங்களுக்கு வயது 47, அதனால் இதோடு நிறுத்த முடியாது. அதே ஆய்வில் 50 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்களில், ஸ்கோர் 16 முதல் 20 என்றால் கீமோவால் 100இல் ஒன்றிரண்டு பேருக்குப் பலன் தெரிந்தது, 21 முதல் 25 என்றால் ஆறேழு பேருக்கு. அதுவும் கீமோ நேரடியாகப் புற்றுநோய் செல்லைக் கொன்றதாலா, இல்லை சூலகத்தை ஓயவைத்து ஈஸ்ட்ரோஜனைக் குறைத்ததாலா என்ற கேள்வி இருக்கிறது. பின்னதுதான் பெரும் பங்கு என்று பல நிபுணர்கள் நினைக்கிறார்கள். அதனால் உங்கள் டாக்டரிடம், "கீமோவுக்குப் பதில் சூலகத்தை அடக்கும் ஊசியும் ஹார்மோன் மாத்திரையும் எனக்குப் போதுமா?" என்று நேராகவே கேளுங்கள். போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கட்டியின் கிரேடையும் (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம்) அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் பதில் சொல்வார்.