பெருக்குபவருக்குத் தெரிந்த கூடு

நேயர்களுக்கு வணக்கம்.

நகரத்தில் பருந்து, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் கூட்டைக் காண விரும்பினால், முதலில் தரையைப் பாருங்கள். மரத்தடியில் சுண்ணாம்பை வாரி இறைத்தாற்போல் வெள்ளை எச்சம், பக்கத்திலேயே ஒரு பிடி புறா இறகு, எப்போதாவது ஓர் அணில் வால். இவை நாள்தோறும் ஒரே இடத்தில் கிடந்தால் அங்கே நின்று அண்ணாந்து பார்க்கலாம். காகங்களின் கூச்சலும் துப்புக் கொடுக்கும். ஆனால் முழுதாக நம்ப முடியாது. ஒருமுறை அதை நம்பிப் போய், கிளையில் தூங்கிய பூனையை அரை மணி நேரம் காத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடியிருப்பில் வல்லூறு கூடு கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தது நானல்ல, வளாகத்தைப் பெருக்கும் அம்மா. "சார், இந்த ஒரு மரத்தடியில் மட்டும் தினமும் இறகு கிடக்கிறது. பூனை வேலை என்றுதான் நினைத்தேன். பூனை இப்படி வெள்ளையடிக்குமா?" என்று கேட்டார். பல ஆண்டுகளாகத் தொலைநோக்கியும் கையுமாகத் திரிகிறவன் நான். என் தலைக்கு மேலேயே கூடு இருந்திருக்கிறது!

மூன்றாவது மாடிப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கூடு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தெரிந்தது. கூடு என்றாலும் அலட்சியமாக அடுக்கிய சுள்ளிக் குவியல்தான். முதல் சில நாட்கள் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வரிபோட்ட வால் ஒன்றைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பெண் அடைகாத்துக்கொண்டிருந்தது. வேட்டைப் பறவைகளில் பெரும்பாலும் பெண்தான் உருவில் பெரியது. ஆண் சிறியது, சுறுசுறுப்பானது. அந்த ஆண் ஓணானையோ சிட்டையோ பிடித்துவந்தால் நேராகக் கூட்டுக்குப் போகாது. எதிரே ஒரு பட்ட கிளையில் உட்கார்ந்து இரண்டு முறை கீச்சிடும். பெண் எழுந்துபோய் இரையைப் பிடுங்கிக்கொள்ளும். நன்றி, உபசாரம் எதுவும் கிடையாது. அந்தக் கிளைக்கு நேர் கீழேதான் இறகுக் குவியல்.

குஞ்சுகள் பொரித்த பிறகு வெள்ளையடிப்பின் ரகசியமும் விளங்கிற்று. பஞ்சுருண்டை போன்ற குஞ்சு தள்ளாடியபடி பின்னோக்கி நகர்ந்து கூட்டின் விளிம்புக்கு வரும். பின்புறத்தைத் தூக்கி வெளியே பீய்ச்சும். கூட்டுக்குள் ஒரு சொட்டு விழாது. கண் திறந்து சில நாட்களே ஆன பிள்ளைக்கு இந்த ஒழுங்கை யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

நகரத்துக்கு வந்த வேட்டைப் பறவைகளில் பெயர்போனது பொரி வல்லூறு. பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் இந்தப் பறவை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. செங்குத்தான மலைப்பாறை விளிம்பின் சரளையில் ஒரு குழி பறித்து முட்டையிடும். அதன் கண்ணுக்கு உயர்ந்த கட்டடமும் மலைதான். அடிவாரத்தில் புறாக்களுக்குப் பஞ்சமில்லை. சிமெண்டுத் தளத்தில் முட்டை உருண்டுவிடும் என்பதால் பல நகரங்களில் மாடி விளிம்பில் சரளை நிரப்பிய தட்டு வைக்கிறார்கள். டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கிய காலம் ஒன்று இருந்தது. 1960களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இப்பறவை குஞ்சு பொரிப்பது அடியோடு நின்றுபோனது. 1972இல் அங்கே டிடிடிக்குத் தடை வந்தது; கூண்டில் வளர்த்த குஞ்சுகளை நகரக் கட்டடங்களிலிருந்தும் பறக்கவிட்டார்கள். 1999இல் அந்நாட்டின் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது.

தரைக் குப்பை எல்லோருக்கும் இனிப்பதில்லை. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் செவ்வால் பருந்து ஒன்று ஆண்டுக்கணக்கில் கூடு வைத்திருந்த கட்டடத்தில், நடைபாதையில் இரையின் மிச்சம் விழுகிறது என்பதும் ஒரு புகார். 2004 டிசம்பரில் கூட்டை எடுத்துவிட்டார்கள். பார்வையாளர்கள் வாசலில் திரண்டு போராட, அதே மாதம் கூட்டைத் தாங்கும் கம்பிகளைத் திரும்பப் பொருத்த வேண்டியதாயிற்று.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடைகாக்கும் பறவை எழுந்து நின்று உங்களையே உற்றுப் பார்த்தால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். படம் எடுத்தால் இடத்தை ஊரறியச் சொல்லாதீர்கள். இறகு முளைத்த குஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தால் அள்ளிக்கொண்டு ஓடவும் வேண்டாம். தாயோ தந்தையோ பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எலிக்கு விஷம் வைக்கும் பழக்கமும் இவற்றுக்கு எமன். விஷம் தின்று தடுமாறும் எலிதான் சுலபமாகப் பிடிபடும்.

எங்கள் மரத்தில் மூன்று குஞ்சுகள் தேறின. இரண்டு பறந்துவிட்டன, கடைக்குட்டி மட்டும் நான்கு நாட்கள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகை அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் காலை நான் ஜன்னலுக்கு வந்தபோது கூட்டில் ஒரு காகம் நின்று சுள்ளிகளை உருவிக்கொண்டிருந்தது. கீழே அந்த அம்மா துடைப்பத்தை ஊன்றி நின்று, என்னைப் பார்த்துக் கையை விரித்தார். மரத்தடி சுத்தமாக இருந்தது.