ஊர் ரெண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம்?

(வடசென்னையில் நடந்த ஒரு தெருக் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பரிசு வழங்க வந்திருக்கும் காவல் ஆய்வாளர் ஐயா அவர்களே, கோப்பைகளை அன்பளிப்பாகத் தந்த வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, இத்தனை வருஷமாக விடியற்காலையில் விசிலோடு வந்து நிற்கும் நம் மாஸ்டர் அவர்களே, நடுவர்களே, தாய்மார்களே, மேடைக்குப் பின்னால் இன்னும் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் என் கண்மணிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் எனக்கு மனசு ஆறாது. ஓய்வூதியத்தில் பாதி வீட்டுக்கு, பாதி பிள்ளைகளின் பூட்ஸுக்கு என்று வாழ்கிற மனிதர் அவர். ஆய்வாளர் ஐயா கல்லூரியில் கோல்கீப்பராக நின்றவர் என்று சற்று முன்புதான் தெரிந்தது. மேடைக்குப் பறந்து வந்த பந்தை அவர் பிடித்த அழகைப் பார்த்தீர்கள் அல்லவா? அண்ணாச்சி கோப்பையோடு நிறுத்தவில்லை, வந்த அணிகளுக்கெல்லாம் மதியம் பிரிஞ்சியும் அவருடைய உபயம்தான். மாமன்ற உறுப்பினர் அம்மா பொறுப்புக்கு வந்த பிறகுதான் இந்த மைதானத்தில் விளக்கு எரிகிறது. அவர்களிடம் கடைசியில் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். அதுவரை தயவுசெய்து அமர்ந்திருக்க வேண்டும்.

மூன்று விஷயங்கள் பேசச் சொன்னார்கள். ரசிகன் என்பவன் யார், கிளப் யாருக்குச் சொந்தம், டிவியில் ராத்திரி இரண்டு மணிக்கு ஐரோப்பிய ஆட்டம் பார்க்கிற நம் பிள்ளைகளை உள்ளூர் ஆட்டத்துக்கு வரவழைப்பது எப்படி. மூன்றையும் கல்கத்தாவை வைத்துச் சொல்கிறேன். நான் ரயில்வேக்காரன். என் சர்வீஸில் பாதி கரக்பூரில் போயிற்று. சனி ஞாயிறு வந்தால் லோக்கல் பிடித்து ஹவுரா, அங்கிருந்து மைதானம். அந்த ஊரில்தான் ரசிகன் என்றால் யார் என்று பார்த்தேன்.

நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்லும் பழமொழி இங்கே பலருக்கும் மனப்பாடம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கல்கத்தா ரெண்டுபட்ட ஊர். ஒரு பக்கம் மோகன் பகான். 1889-இல் தொடங்கிய கிளப், பச்சையும் மெரூனும். 1911 ஜூலை 29 அன்று, அந்தக் காலத்தின் பெரிய கால்பந்துக் கோப்பையான ஐ.எஃப்.ஏ. ஷீல்டின் இறுதி ஆட்டத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் அணியை, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை, 2–1 என்று வென்ற அணி. எதிரணிக்கு பூட்ஸ், நம் ஆட்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்கால். மைதானத்துக்கு உள்ளே போக முடியாத கூட்டத்துக்குப் பட்டம் விட்டு ஸ்கோர் சொன்னார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

இன்னொரு பக்கம் ஈஸ்ட் பெங்கால். சிவப்பும் தங்க நிறமும். 1920 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தது. ஓர் ஆட்டக்காரரை அணியிலிருந்து விட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில் உருவான கிளப் அது. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசலை விட்டு வந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கு அந்த கிளப்தான் ஊர், அதுதான் முகவரி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அன்று அவர்கள் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இவர்கள் வீட்டில் இறால். மூன்றாவதாக, கறுப்பு வெள்ளை உடுப்பில் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றவர்கள். அவர்களைப் பற்றியே ஒரு நாள் பேசலாம்.

சரி, ஒரு சம்பவம் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசி. மழைக்காலம். பெரிய ஆட்டம் முடிந்து ஹவுராவில் கரக்பூர் லோக்கலில் ஏறினேன். நிற்கவே இடமில்லாத கூட்டம், பெட்டி முழுக்க இரண்டு கிளப்பின் ஆட்களும் கலந்து நிற்கிறார்கள். அன்று ஈஸ்ட் பெங்கால் ஜெயித்திருந்தது. எனக்கு எதிரே ஓர் இளைஞர், கையில் செய்தித்தாளில் சுற்றிய ஹில்சா, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். கோலாகாட் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹில்சாவுக்கே பேர் போன ஊர் கோலாகாட்! ரூப்நாராயண் ஆறு அவர் வீட்டு வாசலில் ஓடுகிறது, அவர் ஹவுராவில் காசு கொடுத்து ஹில்சா வாங்கிக்கொண்டு போகிறார். "ஊருக்குப் போய் வாங்கினால் இந்த ரயிலில் யாருக்குக் காட்டுவது?" என்றார்.

காட்டத்தான் செய்தார். கோலைப் பற்றி ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மீனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அவர் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெரியவர், மடியில் சுருட்டி வைத்த பச்சை மெரூன் கொடி. சந்த்ராகாச்சி வரை பொறுத்தார். ஆந்துல் வந்ததும் பொறுமை போய்விட்டது. பந்து கோட்டுக்கு வெளியே போன பிறகுதான் உள்ளே அடித்தான், லைன்ஸ்மேன் கொடி தூக்காமல் நின்றான் என்றார். போகவே இல்லை என்கிறார் இளைஞர். போனது என்கிறார் பெரியவர். பெட்டி இரண்டாகப் பிரிந்தது. சட்டென்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நீ மதராஸி, உனக்கு இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை, நீயே சொல் என்றார்கள். நான் என்ன சொல்வேன்? நான் உட்கார்ந்திருந்தது மைதானத்தின் மறுகோடியில். "பந்து போனதோ இல்லையோ, அந்த மீன் இப்போது கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது" என்றேன். வால் பெரியவரின் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டியே சிரித்தது, பெரியவரும் சிரித்துவிட்டார்.

அதோடு பேச்சு திசை மாறியது. உலுபேரியாவில் வெங்காய விலை. பாக்னானில் கரண்ட் கட், பிள்ளைகள் பரீட்சைக்கு மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பது. நடுவில் யாரோ முதல்வரைத் திட்டினார், யாரோ பிரதமரைத் திட்டினார். அப்போதுதான் பெரியவர் சொன்னார், அவர் வேலை பார்க்கும் சணல் ஆலை நான்கு மாதமாகக் கதவடைப்பு என்று. டிக்கெட் மருமகன் எடுத்துக் கொடுத்தது. வீட்டில் மனைவிக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. இளைஞர் மீனைத் தூக்குவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: உங்களுக்கு மோட்டார் வேலை தெரியுமா? தெரியும் என்றார் பெரியவர், இருபது வருஷமாகத் தறி மோட்டாரோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அப்போது கோலாகாட் அனல்மின் நிலையக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. என் மாமா அங்கே ஒப்பந்தக்காரரிடம் மேஸ்திரி, திங்கட்கிழமை மேசேதா ஸ்டேஷனில் வந்து நில்லுங்கள் என்றார் இளைஞர்.

கோலாகாட் வந்தது. இறங்கும்போது அந்த மீனை அப்படியே பெரியவரின் மடியில் வைக்கப் போனார். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "வேலைக்கு வருகிறேன் தம்பி, ஆனால் நீ ஜெயித்த மீன் என் வீட்டு அடுப்பில் ஏறாது. அடுத்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்த பிறகு இறால் வாங்கிக்கொண்டு நானே உன் வீட்டுக்கு வருகிறேன்." சில மாதம் கழித்து அதே லோக்கலில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் பார்த்தேன். பெரியவரின் கையில் மின் நிலையத்து டிபன் தூக்கு. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நன்றாகக் கைதட்டுங்கள், அந்தப் பெரியவருக்காக.

அந்த ஊரின் சண்டை எப்போதும் சிரிப்பில் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் இதே இரண்டு அணிகளின் ஆட்டம். கேலரியில் கலவரம், நெரிசல். ஆட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. அந்த நாளில் அங்கே இன்றும் ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாக இருக்கலாம், தாய்க்குக் கொண்டாட்டம் கிடையாது. இந்தப் போட்டியின் அரையிறுதியில் நாற்காலி வீசிய தம்பிகளுக்காகத்தான் இதைச் சொன்னேன். ஆய்வாளர் ஐயா பெருந்தன்மையாக விட்டுவிட்டார், அவருக்கு நன்றி.

இப்போது 2024-க்கு வாருங்கள். ஆகஸ்ட் 9. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த ஓர் இளம்பெண், பணியில் இருந்த இடத்திலேயே வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். கல்கத்தாவே தெருவுக்கு வந்தது. 18-ஆம் தேதி டூரண்ட் கோப்பை என்ற பழைய கால்பந்துப் போட்டியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோத வேண்டும். பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்றான பிறகும் ரசிகர்கள் சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தார்கள். பச்சை மெரூன், சிவப்பு தங்கம், கறுப்பு வெள்ளை, மூன்று கொடியும் ஒன்றாக நின்று நீதி கேட்டன. தடியடி நடந்தது, பலரைப் பிடித்துப் போனார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாசிஷ் போஸும் தன் மனைவியோடு அந்தக் கூட்டத்தில் வந்து நின்றார். நூறு வருஷமாக ரெண்டுபட்டுக் கிடந்த ஊர் ஒரே மாலையில் ஒன்றுபட்டது. தாய்மார்களே, நம் பெண்பிள்ளைகளை மாலை ஆறு மணிக்கு மேல் மைதானத்துக்கு அனுப்பத் தயங்குகிறீர்கள், காரணம் எனக்குப் புரிகிறது. அதைப் பற்றியும் என் கோரிக்கையில் வருகிறது.

இரண்டாவது விஷயம், கிளப் யாருக்குச் சொந்தம்? 2020-இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் பெரும்பங்கு ஒரு தொழில் குழுமத்திடம் போயிற்று. பெயருக்கு முன்னால், அந்தக் குழுமம் வைத்திருந்த அணியின் பெயரான 'ஏ.டி.கே.' ஒட்டிக்கொண்டது. தாத்தா காலத்துப் பெயரை மாற்றுவதற்கு நீ யார் என்று ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். 2023-இல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற இரவு, அந்த மூன்றெழுத்து போகிறது என்று உரிமையாளரே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஈஸ்ட் பெங்காலில் 2021 ஜூலையில் முதலீட்டாளரோடு ஒப்பந்தத் தகராறு, கிளப் வாசலில் கூடிய ரசிகர்கள் மேல் தடியடி. இங்கே கவனியுங்கள். கையெழுத்துப் போடு என்று ஒரு கூட்டம், போடாதே என்று ஒரு கூட்டம். ஒரே கொடிக்குக் கீழே ரெண்டுபட்டார்கள். ஜெர்மனியில் கிளப் உறுப்பினர்களுக்குப் பாதிக்கு மேல் ஓட்டு இருக்க வேண்டும் என்று விதி உண்டு. நம் நாட்டில் ரசிகனுக்கு என்ன இருக்கிறது? 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்று மேலே இருப்பவர்கள் பேசி முடிக்காமல் நிறுத்தி வைத்தார்கள். நம்ம ஊர் ஐ.எஸ்.எல். அணியான 'சென்னையின் எஃப்.சி.'யே வேலைகளை நிறுத்தி வைத்தது. நம் சென்னை ரசிகத் தம்பிகளிடமோ வேறு எந்த ரசிகனிடமோ யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மூன்றாவது விஷயம், நம் பிள்ளைகளை உள்ளூர் ஆட்டத்துக்கு வரவழைப்பது. அதற்கும் பதில் மைதானம்தான், அதனால்தான் நான் மறுபடி மறுபடி மைதானத்துக்கே வருகிறேன். கிளப் கைமாறும், பெயர் மாறும். மைதானம் போனால் திரும்ப வராது. 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில், நாலரை வருஷமாக மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த ஒரே கோலை அடித்தது யார்? நந்தகுமார் சேகர், நம் சென்னைப் பிள்ளை. அன்று கல்கத்தாவில் எத்தனை வீட்டில் ஹில்சா வெந்திருக்கும்! சென்னைக்காரன் அடித்த கோலுக்கு. அப்படி ஒரு பிள்ளை உருவாக வேண்டும் என்றால் காசில்லாமல் இறங்கி ஆட ஒரு தரை வேண்டும்.

2024 அக்டோபரில் நம் மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பது செயற்கைப் புல் மைதானங்களைத் தனியாரிடம் கொடுத்து, ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்குவது என்று. கணக்குப் போடுங்கள். தினம் ஒரு மணி நேரம் ஆடுகிற பையனுக்கு மாதம் 3,600 ரூபாய். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆடினால் 7,200. நம் தெருவில் வீட்டு வாடகையே அவ்வளவுதான் கொடுக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எதிர்ப்பு கிளம்பியது, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்காக மாநகராட்சிக்கு இந்த மேடையிலிருந்து மனமார நன்றி சொல்கிறேன். கேட்டதும் காது கொடுத்தார்கள். ஆனால் திரும்பப் பெற்ற தீர்மானம் இன்னொரு பெயரில் வரலாம். வந்தால், டர்ஃப் வரட்டும் பளபளவென்று இருக்கும் என்று ஒரு தெரு சொல்லும், வேண்டாம் என்று அடுத்த தெரு சொல்லும். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி டோக்கன் புத்தகத்தோடு கேட்டில் உட்கார்ந்திருப்பான்.

மாமன்ற உறுப்பினர் அம்மா, இப்போதுதான் உங்களிடம் வருகிறேன். நாங்கள் கேட்பது மூன்றுதான். இந்த மைதானம் என்றைக்கும் கட்டணம் இல்லாத பொது மைதானம் என்று எழுத்தில் வேண்டும். மாலை ஐந்தரை முதல் ஏழு வரை வாரத்தில் மூன்று நாள் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவர்கள் உடை மாற்ற ஓர் அறையும், தண்ணீர் வருகிற கழிப்பறையும், கேட் வரைக்கும் விளக்கும் வேண்டும். விளக்குப் போட்டவர் நீங்கள், இன்னும் நாலு கம்பம் உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதைப் பேசுவேன் என்று இந்த மேடையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நீங்கள் பரிசு கொடுக்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கோரிக்கை மனு கோப்பை மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாஸ்டரிடம் பேனா இருக்கும். ஜெயித்த அணி முதலில், தோற்ற அணி அடுத்து, அப்புறம் பெற்றோர்கள், வரிசையாக வந்து கையெழுத்துப் போடுங்கள். கதவு எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், போன முறை பாதி மனுவை முகவரி சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். அண்ணாச்சி, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். வாய்ப்புக் கொடுத்த விழாக் குழுவுக்கு நன்றி, வணக்கம்.