இமைக்காத கண்ணில் கண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். பொம்மைகளை நடிக்க வைத்துத் தொலைக்காட்சியில் சொல்லப்படும் ஒரு தேவதைக் கதையைப் பார்ப்பவர்கள் ஏன் ஆளுக்கொரு விதமாகப் பொருள் கொள்கிறார்கள் என்பது பல ஆண்டுகளாக என்னை விடாமல் பற்றியிருக்கும் கேள்வி. அதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் படைப்பு, ஜிம் ஹென்சன் 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய ‘தவளை இளவரசன்’.

கதை நீங்கள் அறிந்ததுதான். சூனியக்காரி ஒருத்தியால் தவளையாக்கப்பட்ட ராபின், கிணற்றில் விழுந்த பந்தை எடுத்துக் கொடுத்து இளவரசியின் நட்பைப் பெறுகிறான். ஹென்சன் குழுவினர் இதில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். இளவரசி மெலோராவுக்கும் ஒரு சாபம் உண்டு. அவள் வாய் திறந்தால் சொற்களின் முதல் ஒலிகள் இடம் மாறிக் குழம்பிவிடும். இளவரசியாக உயிருள்ள நடிகை ஒருவர் வருகிறார். தவளையோ துணிப் பொம்மை.

துணிப் பொம்மை என்றேன் அல்லவா, அங்கே சற்று நிற்க வேண்டும். இந்தக் கதையை நமக்குச் சொல்லும் கெர்மிட் என்ற தவளை, 1955இல் ஹென்சனுடைய தாயாரின் பழைய மேலங்கித் துணியிலிருந்து முதன்முதலில் உருவானது. மேசைப்பந்து ஒன்றை இரண்டாக வெட்டிக் கண்களாக வைத்தார்கள். அந்தக் கண் இமைக்காது, கலங்காது. உள்ளே இருக்கும் கை தலையைச் சற்றுச் சாய்த்தால் யோசனை, தாழ்த்தினால் வருத்தம் என்று நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ஒருமுறை என் அக்காவோடும் எட்டு வயதான அவள் மகனோடும் இந்தப் படத்தைப் பார்த்தேன். படம் முடிந்ததும் பையன், “மாமா, ராபின் அழுதப்ப எனக்கும் அழுகை வந்துடுச்சு” என்றான். ராபின் எங்கே அழுதான் என்று கேட்டேன். கண்ணில் நீர் வந்ததைத் தானே பார்த்ததாகச் சாதித்தான். நான் சற்றுப் பிடிவாதக்காரன். அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிக் காட்டினேன். தலை தாழ்ந்தது, குரல் இறங்கியது, அவ்வளவுதான். மூன்றாவது முறை பார்த்துவிட்டு, “இப்ப துடைச்சிட்டான்” என்றான் பையன். அவன் பொய் சொல்லவில்லை என்பதை நான் மறுபடியும் வலியுறுத்த விரும்புகிறேன். பொம்மையின் முகம் காலியாக விட்டிருந்த இடத்தை அவன் தன் வருத்தத்தால் நிரப்பிக்கொண்டான்.

அக்கா பார்த்ததோ வேறு கதை. அவளுக்கு இது தவளையின் கதையே அல்ல. சூனியக்காரியை வெல்லும் வழி இளவரசிக்குத் தெரியும். சூனியக்காரியின் கைத்தடிப் பிடியில் உள்ள உருண்டையை உடைக்க வேண்டும். ஆனால் இளவரசியின் வாயிலிருந்து வருவதோ, மூளையின் மெழுகுவத்தியில் மண்டபத்தைச் சுடச் சொல்லும் உளறல். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களும் ஒலியளவில் மிக நெருக்கமானவை, கேட்டவுடன் சிரிப்பு வரும். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, “அவ சரியாத்தான் சொல்றா, கேக்கறதுக்குத்தான் ஆளில்லை” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்தக் காட்சி வேறாகிவிட்டது. அசையும் முகம் கொண்ட மனிதப்பெண் தன்னை விளக்க முடியாமல் தவிக்க, அசையாத கண்கள் கொண்ட பொம்மை தெளிவாகப் பேசுவதோடு அவள் சொல்லின் பொருளையும் கண்டுபிடிக்கிறது. தயாரித்தவர்கள் இதை வேடிக்கைக்காக வைத்தார்களா, வேறு எண்ணத்தில் வைத்தார்களா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. பேசியும் கேட்கப்படாத அனுபவம் உள்ளவர்களுக்கு அது வேடிக்கையாக மட்டும் நின்றுவிடாது.

முத்தத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நேரம் குறைந்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் முத்தம்தான் ராபினை மனிதனாக்குகிறது. அதுவே பழைய கதை என்று பலரும் எண்ணிப் பார்க்கிறார்கள். ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையில் முத்தமே இல்லை. இளவரசி சினங்கொண்டு தவளையைச் சுவரில் அடிக்கிறாள், அப்போதுதான் அது இளவரசனாகிறது. அதைப் படித்துவிட்டு வருபவர் இளவரசியின் முகத்தில் கோபத்தைத் தேடுவார். படிக்காதவர் காதலைத் தேடுவார்.

கடைசியாக, ஸ்வீட்டம்ஸ் என்ற பெரிய ரோமப் பூதம். தவளையைத் தின்ன நினைக்கும் அந்தப் பூதம் பிறகு ஹென்சனின் பொம்மைத் தொலைக்காட்சித் தொடரான ‘மப்பெட் ஷோ’வில் அன்பான தடியனாக வலம்வந்தது. அங்கே அதை முதலில் பார்த்துப் பழகிய என் அக்கா மகனுக்கு 1971ஆம் ஆண்டுப் படத்தில் அதைக் கண்டு துளியும் பயமில்லை. அது பசிக்காக அல்ல, விளையாடத்தான் ராபினைத் துரத்துகிறது என்றான். நேரம் முடிந்துவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.