மேடையில் சொன்ன விலை, மதுரைக்கு வந்த விலை

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது, பிள்ளைகள் கேம் விளையாடிக் கெட்டுப்போகிறார்களா என்ற வழக்கமான பேச்சுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அது இல்லையாம், தொழில் தெரிந்தவர் யாராவது பேசட்டும் என்றார்கள். நான் டவுன் ஹால் ரோடு பக்கம் கேம் டிஸ்க் விற்கும், பழசு வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்றில் பல வருஷம் உட்கார்ந்தவன். ஆகவே கடைக்காரன் பார்வையில் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஈ-3 என்று ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. 1995-இல் தொடங்கியது. நம் தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் ஒவ்வொரு துறையும் தனக்கென்று அரங்கு போட்டு ஆள் கூப்பிடுமே, ஏறக்குறைய அந்த மாதிரி. ஆனால் டெல்லி அப்பளம் கிடையாது, பொதுமக்களுக்கும் பல ஆண்டுகள் அனுமதி கிடையாது. கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், கேம் தயாரிப்பவர்கள் மட்டும் போகலாம். 2017-இல்தான் மற்றவர்களுக்கும் டிக்கெட் விற்றார்கள். டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டியைக் கன்சோல் என்பார்கள். அதைச் செய்கிற பெரிய கம்பெனிகள் இன்றைக்கு மூன்று: பிளேஸ்டேஷன் செய்யும் சோனி, எக்ஸ்பாக்ஸ் செய்யும் மைக்ரோசாஃப்ட், மரியோவின் சொந்தக்காரர்களான நிண்டெண்டோ. கண்காட்சி தொடங்குவதை ஒட்டி ஒவ்வொரு கம்பெனியும் தனியாக ஒரு பெரிய மேடை நிகழ்ச்சி நடத்தும். புது கேம், புது பெட்டி எல்லாம் அங்கேதான் அறிவிப்பார்கள். முடிந்ததும் உலகம் முழுக்க ஒரே சண்டைதான்: இந்த வருஷம் ஜெயித்தது யார்?

எங்கள் கடையிலும் அந்தச் சண்டை நடக்கும். பையன்கள் டிரெய்லரை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள். எந்தக் கம்பெனி காட்டிய படம் மயிர்க்கூச்செறிய வைத்ததோ அந்தக் கம்பெனி ஜெயித்தது, அவ்வளவுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த மேடைகளில் நிஜமாகவே ஆட்டத்தைத் திருப்பியவை பெரும்பாலும் டிரெய்லர்கள் இல்லை. என்ன விலை, வாங்கியவன் அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒரு வரியில் சொன்ன சமாச்சாரங்கள்தான்.

முதல் ஈ-3-யிலேயே இது தெரிந்துவிட்டது. அப்போது சேகா என்று ஒரு கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. சேட்டர்ன் என்ற புதுப் பெட்டியைச் செப்டம்பரில் விற்பதாகச் சொல்லியிருந்தவர்கள், திடீரென்று மேடையில் ஏறி, இன்றைக்கே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்றார்கள். கைதட்டல்தான். அன்றைக்கே சோனியின் நிகழ்ச்சி. அமெரிக்கப் பிரிவின் தலைவர் ஸ்டீவ் ரேஸ் பேச வந்தார். மைக்கில் ‘299’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நூறு டாலர் குறைவு. அந்த ஒரு எண்தான் மொத்தப் பேச்சும். சேகாவுக்கு வந்த வினை இதோடு நிற்கவில்லை. திடீரென்று விற்கத் தொடங்கியதில் சரக்கு நான்கு கடை நிறுவனங்களுக்குத்தான் போனது. மீதிக் கடைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கே.பி. டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக்கடை நிறுவனம், இனி சேட்டர்னே எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. கடைக்காரனைக் கோபப்படுத்திவிட்டுப் பெட்டி விற்க முடியாது என்பது எனக்குப் புரிகிற விஷயம்.

2006-இல் சோனி அதே குழியில் தானே போய் விழுந்தது. பிளேஸ்டேஷன் 3-க்கு இரண்டு விலை சொன்னார்கள், 499 டாலர், 599 டாலர். அரங்கத்தில் பேச்சு மூச்சு இல்லை. நிண்டெண்டோவோ வீ என்ற பெட்டியைக் கொண்டுவந்து, கையில் ரிமோட் போல ஒன்றைப் பிடித்து வீசினால் டென்னிஸ் மட்டை சுழல்கிறது என்று ஆடியே காட்டியது. கண்காட்சிக் கதவு திறந்ததும் சோனி அரங்கைத் தாண்டி நிண்டெண்டோ அரங்குக்கு ஆட்கள் ஓடினார்கள். வீ கடைசியில் பத்துக் கோடிக்கு மேல் விற்றது.

இனி 2013-க்கு வருகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வருஷம் கிடையாது, நம் ஊரோடு தொட்டுப் பேசவும் வசதி.

ஜூன் 10, திங்கட்கிழமை. மைக்ரோசாஃப்ட் நிகழ்ச்சி நமக்கு இரவு பத்து மணி. சோனி நிகழ்ச்சி மறுநாள் காலை ஆறரை. மைக்ரோசாஃப்ட் காட்டிய கேம்கள் நன்றாகவே இருந்தன. எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டிக்கு விலை 499 டாலர் என்றார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குச் சில நிபந்தனைகளை அதற்குச் சில நாள் முன்பே வெளியிட்டிருந்தார்கள். பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இணையத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் கேம் ஓடாது. டிஸ்க்கை விற்கலாமா கூடாதா என்பதை கேம் வெளியிடும் கம்பெனி முடிவு செய்யும். நண்பனுக்குச் சும்மா கொடுக்கலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான், அதுவும் அவன் உங்கள் எக்ஸ்பாக்ஸ் நண்பர் பட்டியலில் முப்பது நாளாவது இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து மதுரையை நினைத்துப் பாருங்கள். 2012, 2013-இல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. சென்னைக்கு வெளியே கரண்ட் வருவதுதான் செய்தி, போவது செய்தியே இல்லை. இன்வெர்ட்டர் இருந்த வீட்டில்கூட ஃபேனுக்கும் லைட்டுக்கும் போக மிச்சம் இருந்தால்தான் மோடத்துக்கு. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பையன்கள் பஸ் ஏறி வந்து டிஸ்க் மாற்றிப் போனதே வீட்டில் இணையம் இல்லாததால்தான். அந்தப் பெட்டி தினமும் ஆஜர் கொடுக்க வேண்டுமாம். ஒரு புது கேம் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய். ஒருவன் வாங்கி, முடித்துவிட்டு, எங்களிடம் கொடுத்து வேறு ஒன்று எடுப்பான். அந்த டிஸ்க் அடுத்தவனுக்குப் போகும், அவன் தம்பிக்குப் போகும், கீறல் விழுந்து இனி ஓடாது என்கிற வரைக்கும் சுற்றும். இதைத் தடுத்தால் எங்கள் கடைக்கு மட்டும் பூட்டு இல்லை, நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு கேமே கிடையாது.

இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று மைக்ரோசாஃப்ட்டின் டான் மேட்ரிக்கிடம் கேட்டார்கள். அவர்களுக்கும் எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் 360 என்று பழைய பெட்டியைக் காட்டிவிட்டார். இன்னொன்றும் உண்டு. முதலில் விற்கப்போகிற நாடுகள் என்று 21 பெயர் கொண்ட பட்டியல் வந்தது, அதில் இந்தியா இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டில் பெட்டி ஓடுவதற்கும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவிலிருந்து மச்சான் சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

காலையில் சோனி. நீளமான நிகழ்ச்சி, நடுவில் கொஞ்சம் தூக்கம்கூட வந்தது. கடைசியில் ஜாக் ட்ரெட்டன் என்பவர் வந்து, ஒருவர் விளையாடிவிட்டு விற்கிற பழைய டிஸ்க்குக்குப் பிளேஸ்டேஷன் 4-இல் எந்தத் தடையும் கிடையாது, தினசரி இணையச் சோதனையும் கிடையாது என்றார். அவரை மேலே பேசவிடாமல் கைதட்டினார்கள். உங்கள் டிஸ்க்கை நீங்கள் விற்கலாம் என்று சொன்னதற்கு இவ்வளவு கைதட்டல்! போன பெட்டி வரைக்கும் எல்லோரும் செய்துகொண்டிருந்ததை, இனியும் செய்யலாம் என்று சொன்னதுதான் அந்த வருஷத்தின் மிகப் பெரிய அறிவிப்பு. பிறகு விலை, 399 டாலர். அன்றைக்கே அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோவும் விட்டார்கள். பிளேஸ்டேஷன் 4 கேமைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று காட்டும் படம். ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், முடிந்தது. அதில் நடித்த இருவருமே சோனி அதிகாரிகள்.

ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனைகளை எல்லாம் திரும்பப் பெற்றது. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதோடு சேர்ந்து ஒரு நல்ல திட்டமும் போய்விட்டது. வாங்கிய கேம்களைக் குடும்பத்தில் பத்துப் பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். நம் வீடுகளுக்கு அது எவ்வளவு பொருத்தம்! ஆனால் கண்டிப்புகளை முன்னால் வைத்து, சலுகையைச் சின்ன எழுத்தில் போட்டால் யார் கவனிப்பார்கள்?

அந்த 399 டாலர் நமக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 4 இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். அன்றைய டாலர் கணக்கில் 399 என்பது 25,000 ரூபாயை ஒட்டித்தான் வரும். சுங்கவரி, மற்ற வரிகள், இறக்குமதிச் செலவு, லாபம் எல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டன. லாஸ் ஏஞ்சல்ஸில் கைதட்டு வாங்கிய விலையைக் கேட்டு எங்கள் கடையில் ஒருவரும் கைதட்டவில்லை. பழைய டிஸ்க் பற்றிய அறிவிப்பு மட்டும் அங்கே சொன்னபடியே குறையாமல் மதுரைக்கு வந்து சேர்ந்தது.

2015 வேறு மாதிரி. சோனி மேடையில் அன்று ரசிகர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த மூன்றைக் காட்டினார்கள்: லாஸ்ட் கார்டியன், ஃபைனல் ஃபேன்டஸி ஏழின் மறுபதிப்பு, ஷென்மூ மூன்று. அரங்கில் அழுதவர்களே உண்டு. எல்லோரும் சோனிக்கு மாலை போட்டுவிட்டார்கள். அதே நாள் காலையில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360-இன் பழைய டிஸ்க்குகள் இனி எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓடும், அதற்குத் தனிக்காசு இல்லை என்று அறிவித்திருந்தது. அந்த நவம்பரிலேயே அது வந்துவிட்டது, முதலில் நூற்றுச் சொச்சம் கேம்களோடு. சோனி காட்டிய மூன்றில் முதலாவது 2016 டிசம்பரில் வந்தது, ஷென்மூ 2019-இல், ஃபைனல் ஃபேன்டஸி 2020-இல். அதற்குள் பிளேஸ்டேஷன் 4-இன் காலமே முடியப்போகிறது. அந்த வருஷத்து வெற்றியை நான் மைக்ரோசாஃப்ட்டுக்குத்தான் தருவேன். கடைக்கு வந்த பையன்களிடம் இதைச் சொன்னால், உங்களுக்கு ரசனை இல்லைண்ணே என்பார்கள். இருக்கட்டும்.

டிரெய்லரை நம்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2005-இல் சோனி கில்ஸோன் என்ற கேமின் அடுத்த பாகத்துக்கு ஒரு படம் காட்டியது. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். அது பெட்டியில் ஓடிய கேம் இல்லை, முன்கூட்டியே கம்ப்யூட்டரில் செய்து வைத்த படம் என்று பிறகு தெரிந்தது. நிஜமான கேம் 2009-இல் வந்தது, நன்றாகவும் இருந்தது, அது வேறு கதை.

இந்த விஷயத்தில் நிண்டெண்டோவின் பழக்கம் எனக்குப் பிடிக்கும். 2013-லிருந்து அவர்கள் ஈ-3-யில் பெரிய மேடையையே விட்டுவிட்டார்கள். முன்பே பதிவு செய்த வீடியோ ஒன்றைப் போடுவார்கள். அடுத்த வருஷத்திலிருந்து, அந்த வீடியோ முடிந்ததும் கம்பெனி ஆட்களும் கேமைச் செய்தவர்களும் உட்கார்ந்து மணிக்கணக்கில் விளையாடிக் காட்டினார்கள். தோற்றால் தோற்றதும் தெரியும். வாங்கப்போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் தலையெழுத்து, அந்தக் கம்பெனி இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை. ஸ்விட்ச் என்கிற அவர்களுடைய பெட்டி வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்ததை வாங்க வேண்டும், வாரண்டி கேட்கக் கூடாது.

2019-இல் சோனி ஈ-3-க்கு வரவில்லை. 2020-இல் கொரோனா. 2021-இல் இணையத்தில் மட்டும். அப்புறம் இரண்டு வருஷம் ரத்து. 2023 டிசம்பரில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். இப்போது மூன்று கம்பெனிகளும் தத்தம் வீடியோவைத் தாங்களே வெளியிடுகின்றன. கூட்டம் இல்லை, ஆகவே ஒரு விலையைச் சொன்னதும் அரங்கம் அமைதியாகிப் போகிற அந்தக் காட்சியும் இல்லை. கம்பெனிக்கு இது பெரிய சௌகரியம். 2025 ஏப்ரலில் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 பற்றி ஒரு மணி நேரம் வீடியோ போட்டது, அதில் விலையே இல்லை. முடிந்த பிறகு இணையதளத்தில் போட்டார்கள், 450 டாலர். விளையாடிக் காட்டுவதில் அவர்களைப் பாராட்டிய வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெட்டியில் டிஸ்க்குக்குப் பதிலாகச் செருகுகிற சில கார்டுகளில் கேமே கிடையாது, செருகியதும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சாவி மட்டும் இருக்கும். இதுவும் சின்ன எழுத்துதான்.

2024 செப்டம்பரில் சோனியின் மார்க் செர்னி பிளேஸ்டேஷன் 5 ப்ரோவைக் காட்டினார். சின்ன வீடியோ, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து விளக்கம், கடைசியில் விலை 700 டாலர். டிஸ்க் போடும் வசதி உள்ளே இல்லை, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அந்த வாரமே ஒரு தம்பி அட்வான்ஸ் கொடுக்க வந்துவிட்டான். கொஞ்சம் பொறு என்றேன். நவம்பரில் விஷயம் வெளியானது: அந்தப் பெட்டியில் இருக்கிற புதுவகை வைஃபைக்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும், இந்தியாவில் அதற்கு அப்போது அனுமதி இல்லை, ஆகவே பெட்டியே இங்கே விற்பனைக்கு வராது.

அவனிடம் சொன்னேன். நம்பவே இல்லை. “எங்க வீட்ல வைஃபையே கிடையாதுண்ணே, செல்போன்லேருந்துதான் நெட் எடுக்குறேன். எனக்கு எதுக்குண்ணே தடை?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4-ஐயும் நான்கு டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டு போனான், மிச்சப் பணத்தில் அப்பாவுக்கு ஒரு ஃபோனும் வாங்கினானாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.